சரீரமும் ஜெபிக்கட்டும்



நமது மயிலையின் அப்போஸ்தலராகிய அர்ச். தோமையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் முதலில் நினைப்பது அவருடைய சந்தேகத்தையே. ஆண்டவருடைய திருக்காயங்களைத் தொட்டுப் பார்த்தாலொழிய விசுவசிக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் செய்ததும், எட்டு நாளுக்குப் பிறகு ஆண்டவர் அவருக்குத் தம்மைக் காண்பித்ததும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் சுவிசேஷத்தின் அடுத்த அதிகாரத்திலேயே தோமையார் இன்னொரு முறை வருகிறார். அதை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. இராயப்பரோடு திபேரியாக் கடலில் மீன் பிடிக்கப் போன ஏழு சீஷர்களில் அவரும் ஒருவர் என்று அர்ச். அருளப்பர் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

அந்தக் காலைப் பொழுதைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். நொச்சிக்குப்பத்துக் கரையில் விடியற்காலையில் படகுகள் வந்து சேருவதைக் கண்டவர்களுக்கு இது கஷ்டமல்ல. இரவெல்லாம் உழைத்தும் ஒரு மீனும் அகப்படாமல், நனைந்த உடம்போடும் சோர்ந்த மனதோடும் சீஷர்கள் இருக்கிறார்கள். மரணத்தை ஜெயித்து உயிர்த்த சேசுநாதர் கரையில் நிற்கிறார். அவர்கள் கரையேறியதும் நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. கரிநெருப்பின்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் ஆயத்தமாயிருந்தன. வந்து பசியாறும்படி அழைத்தார். போஜனம் முடிந்த பிறகுதான் இராயப்பரிடம் தம்மை நேசிக்கிறாயா என்று கேட்டு, மந்தையை அவர் கையில் ஒப்புவித்தார். திருச்சபையின் தலைவரை நியமிக்கும் அவ்வளவு பெரிய காரியத்துக்கு முன், ஆண்டவர் அவருடைய பசியைக் கவனித்தார்!

நாமோ தியானம், ஜெபம் என்றவுடன் சரீரத்தைக் கோவில் வாசலில் கழற்றிவிடும் செருப்பைப்போல் எண்ணிவிடுகிறோம். ஆத்துமம் மாத்திரம் உள்ளே போனால் போதும், சரீரம் வெறும் இடைஞ்சல் என்பது நம்முடைய எண்ணம். இது கத்தோலிக்க விசுவாசத்துக்குப் பொருந்தாது. தேவசுதன் கன்னிமாமரியின் உதரத்தில் எடுத்தது மெய்யான மனித சரீரம். அதிலேதான் பசித்தார், களைத்தார், புயலடிக்கும் படகில் தூங்கினார், சிலுவையில் மரித்தார். அந்தச் சரீரத்தோடுதான் உயிர்த்தெழுந்தார். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் மரித்தோரின் உத்தானத்தை நாமும் அறிக்கையிடுகிறோம். மோட்சத்துக்குப் போக வேண்டிய சரீரத்தை ஜெப நேரத்தில் மாத்திரம் அந்நியமாக நடத்தலாமா?

அப்படி நடத்துவதால் வரும் கேடு என்னவென்று எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரத்தில் காணலாம். ஜெசபேல் அரசிக்குத் தப்பி வனாந்தரத்தில் ஓடிய அவர், ஒரு செடியின் நிழலில் விழுந்து, தமக்குச் சாவு வரும்படி வேண்டிக்கொண்டார். கார்மேல் மலையில் வானத்தினின்று அக்கினியை வரவழைத்த மகா பரிசுத்தவானுக்கு இந்த நிலைமை! சர்வேசுரன் அவரைக் கண்டித்தாரா? இல்லை. தூங்கவிட்டார். சம்மனசு வந்து தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தது. உண்டு, குடித்து, மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் சம்மனசு எழுப்பி உணவளித்தது. அந்தப் பலத்தைக்கொண்டே அவர் 40 பகலும் 40 இரவும் நடந்து ஓரேப் மலை சேர்ந்தார். அங்கேதான் மெல்லிய காற்றின் ஓசையில் தேவ சமுகத்தை உணர்ந்தார்.

தூக்கமும் ஆகாரமும் முந்தி வந்தன. தரிசனம் பிந்தி வந்தது. இதை நன்றாய் மனதில் வையுங்கள். மாதக்கணக்காகச் சரியான தூக்கமில்லாமல், நோயாளியைக் கவனித்துக்கொண்டோ, இரவு வேலைக்குப் போய் வந்தோ இருக்கிறவர்கள், ஜெபத்தில் மனம் ஒன்றவில்லை, சர்வேசுரன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று கண்ணீர் விடுவதுண்டு. அவர்களுக்குச் சில சமயம் முதலில் தேவையாயிருப்பது இன்னொரு நவநாள் அல்ல. இரண்டு நாள் நல்ல இளைப்பாறுதலே. அந்தப் பாரத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது சம்மனசின் ஊழியத்துக்கு ஒப்பாகும். தூக்கமின்மையும் துக்கமும் நீடித்தாலோ, சாகவேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, உடனே வீட்டாரிடம் சொல்லி வைத்தியரிடம் போக வேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல. வைத்தியனையும் மருந்தையும் உண்டாக்கினவர் அதே சர்வேசுரன்தானே!

இந்த உண்மையை அர்ச். இஞ்ஞாசியார் தம் சொந்த அநுபவத்தில் கற்றார். 1522-ம் ஆண்டு மன்ரேசா என்னும் ஊரில் அவர் கடுந்தபசு செய்துகொண்டிருந்தபோது, இரவில் படுக்கப் போகும் வேளையிலெல்லாம் பெரிய ஞான வெளிச்சங்களும் ஆறுதல்களும் அவருக்கு உண்டாயின. அதனால் தூங்குவதற்கு வைத்திருந்த கொஞ்ச நேரமும் வீணாயிற்று. பகலில் சர்வேசுரனோடு சம்பாஷிக்கப் போதிய நேரம் இருக்க, தூக்கத்தைத் திருடும் இவை நல்ல ஆவியினால் வருபவையா என்று அவர் ஆராய்ந்தார். அவற்றை ஒதுக்கிவிட்டுத் தூங்குவதே மேல் என்று தீர்மானித்தார். பின்பு பார்சலோனா நகரில் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தபோதும் அப்படியே பக்தி உணர்ச்சிகள் வந்து படிப்பைக் கெடுத்தன. பூசை நேரத்தில் வராத உருக்கம் பாட நேரத்தில் மாத்திரம் வருவானேன் என்று சிந்தித்து, அது சோதனையென்று கண்டுகொண்டார். மாணவர்களே, இது உங்களுக்கு! பரீட்சைக்குப் படிக்கவேண்டிய வேளையில் படிப்பது ஜெபத்துக்கு விரோதமல்ல.

மன்ரேசாவில் செய்த மிதமிஞ்சிய தபசினால் இஞ்ஞாசியாருடைய தேக சுகம் கெட்டது. ஆகையால் 1548-ம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டுப் பிரபுவாயிருந்த அர்ச். பிரான்சிஸ்கு போர்ஜியார் அளவுக்கு மேல் ஒருசந்தியிருந்து உடம்பைக் கெடுப்பதை அறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார். ஆத்துமத்தைப் போலவே சரீரமும் சிருஷ்டிகரின் உடைமை, இரண்டுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து.

திருச்சபைத் தாயும் இவ்விஷயத்தில் இரக்கமுள்ளவள். முற்காலத்தில் தேவநற்கருணை வாங்குகிறவர்கள் நடுஇரவு முதல் தண்ணீரும் குடிக்கலாகாது. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1953-ல் தண்ணீர் அருந்த அனுமதி தந்தார். 1957-ல் போஜனத்துக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தார். 6-ம் சின்னப்பர் 1964-ல் அதை ஒரு மணி நேரமாக்கினார். முதியோரையும் நோயாளிகளையும், அவர்களைப் பராமரிப்பவர்களையும் அந்த ஒரு மணி நேரமும் கட்டுப்படுத்தாது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியிருக்கும் கடமை 18 வயது நிரம்பியது முதல் 59 வயது நிரம்பும் வரையில்தான். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டிமார் பட்டினி கிடந்து மயங்கி விழும்படி திருச்சபை கேட்கவில்லை. அவர்கள் தங்கள் நாவை அடக்கி ஒருசந்தியிருக்கலாம்; அதற்கு வயது வரம்பு கிடையாது!

ஆனால் மறுபக்கமும் உண்டு. எலியட்ஸ் கடற்கரையிலும் நடேசன் பூங்காவிலும் விடியற்காலையில் எத்தனை பேர் வேக நடை நடக்கிறார்கள்! இரத்த அழுத்தம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று தினமும் அளந்து எழுதி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சரீரத்துக்கு ஒரு மணி நேரம் தேடிக்கொள்ளும் நாம் ஆத்துமத்துக்கு ஐந்து நிமிஷம் இல்லை என்று சொல்லலாமா? நமது சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் போதிக்கிறார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, விளக்கேற்ற மறந்த ஆலயத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நடக்கும்போதே கையில் ஜெபமாலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி மாதத்தில் நகரத்தின் நாலா பக்கங்களிலுமிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் கால்நடையாய் வருகிற பக்தர்களைப் பார்த்திருக்கிறீர்களே! அவர்களுடைய பாதங்களும் ஜெபிக்கின்றன.

அப்படியானால் வீட்டில் தியானம் செய்வது எப்படி? இதற்கும் இஞ்ஞாசியாரே வழிகாட்டியிருக்கிறார். அவருடைய ஞானப் பயிற்சி நூலில் உள்ள முறைகள் மிக எளியவை. ஜெபிக்கும் இடத்துக்கு வந்தவுடன் பொத்தென்று உட்காராதீர்கள். ஓரிரண்டு அடி இப்பால், கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று சொல்லும் நேரம் நில்லுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் நன்றாய் ஊன்றியிருக்கட்டும். சர்வேசுரன் இப்போது என்னைப் பார்க்கிறார் என்று நினைத்து, தலை வணங்குங்கள். பிறகு முழந்தாளிடலாம், உட்காரலாம், நிற்கலாம். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருவதில் குறைவொன்றுமில்லை. எந்த நிலையில் மனம் அமைதிப்படுகிறதோ அந்த நிலையிலேயே இருங்கள்.

பின்பு கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எடுத்து, ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக மெதுவாய்ச் சொல்லுங்கள். அடுத்த மூச்சு வரும்வரை அந்த வார்த்தையின் பொருளில் தங்கியிருங்கள். மூச்சில் மந்திர சக்தி ஒன்றும் இல்லை. ஓடித் திரியும் மனதுக்கு அது ஒரு கட்டுத்தறி, அவ்வளவே. பராக்கு வந்தால் கலங்கவேண்டாம். வெளியே மெட்ரோ வேலையின் இரைச்சல் கேட்கிறதா? அங்கே பாடுபடுகிற தொழிலாளிக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். விரலில் இருக்கும் ஜெபமாலை மணி திரும்பும் வழியைக் காட்டும். கைப்பேசியை மாத்திரம் அடுத்த அறையில் வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கி விழும்போது 53 மணியும் முடித்தே தீருவேன் என்று அதட்டவேண்டாம். பத்து மணியைப் பக்தியோடு சொல்லி அவர்களைப் படுக்க வையுங்கள்.

தாய்மார்களே, உட்கார நேரமே இல்லை என்கிறீர்களா? கீழ்ப்படிதல் உங்களைச் சமையலறைக்கு அனுப்பினால் அங்கே பாத்திரங்களின் நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று அவிலா நகர் அர்ச். தெரேசம்மாள் தம் கன்னியர்களுக்குப் போதித்தார். திரிகால ஜெபமும் இதற்காகவே ஏற்பட்டது. காலையும் நண்பகலும் மாலையும் கை வேலையை நிறுத்தி, தேவசுதன் மனிதனான பரம இரகசியத்தை நினைத்து முழந்தாளை மடக்குகிறோம். பிறகு அதே வேலைக்குத் திரும்புகிறோம்.

ஜெபம் சரியானதா என்பதற்கு அத்தாட்சி, அது முடிந்தபின் நாம் எப்படி எழுந்திருக்கிறோம் என்பதே. 1545-ம் ஆண்டு அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் நமது சாந்தோமில் ஏறக்குறைய நான்கு மாதம் தங்கினார். விசாரணைக் குருவின் வீட்டில் இருந்துகொண்டு, இரவில் அப்போஸ்தலருடைய கல்லறையண்டையில் ஜெபித்தார். பகலில் ஜனங்களின் ஆத்தும காரியங்களைக் கவனித்தார். கிழக்கே மக்காசார் தீவுக்குப் போவது தேவ சித்தமா என்று தெரியாமல் வந்தவருக்கு, இங்கே செய்த ஜெபத்தில் தெளிவு பிறந்தது. தெளிவு பிறந்ததும் கப்பலேறினார். கல்லறையருகே முழந்தாளிட்ட அதே கால்கள் பயணத்துக்கும் எழுந்தன. அந்தக் கல்லறை நமக்கு ஒரு நடை தூரத்தில் இருக்கிறது!

தியானம் முடித்து எழுந்தவுடன் வேலைக்காரியிடம் எரிந்து விழுகிறோமா? வயதான மாமியாருக்குக் காப்பி கொடுக்க மறந்தோமா? அப்படியானால் நம்முடைய ஜெபத்துக்கு இன்னும் கால் முளைக்கவில்லை.

இவ்வாரப் பிரதிக்கினையாக மூன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் ஜெபத்துக்கு முன் ஒரு கர்த்தர் கற்பித்த ஜெப நேரம் அசையாமல் நிற்பது. ஓர் இரவாவது நேரத்தோடு படுத்து, அந்தத் தூக்கத்தையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது. வீட்டில் மிகக் களைத்திருக்கிறவர் யாரென்று பார்த்து, அவருடைய வேலையில் ஒன்றை நம் கையில் வாங்கிக்கொள்வது.

கடற்கரையில் சீஷர்களுக்காக நெருப்பு மூட்டிய திவ்விய சேசுநாதர், நம்முடைய களைப்பையும் அறிந்தவர். அர்ச். தோமையாருடைய மன்றாட்டினால் அவர் நம் ஆத்தும சரீரங்களை ஒருங்கே ஆசீர்வதித்தருளுவாராக. ஆமென்.