துவைப்பவளுக்குச் சான்றிதழ் இல்லை

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்தோ கொதிகலன் குழாயிலிருந்தோ ஆஸ்பெஸ்டாஸைப் பெயர்த்தெடுக்கப் போகிறவர் முதலில் வகுப்பில் உட்கார வேண்டும். 1986-இல் பள்ளிகளுக்கென வந்த சட்டம் 1990-இல் பொது, வணிகக் கட்டடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கூட்டரசு ஒரு மாதிரித் திட்டத்தைத் தந்தது. மாநிலங்கள் அதற்குக் குறையாத விதிகளை வகுத்துச் சான்றளிக்கின்றன. தொழிலாளிக்கு 4 நாள் பயிற்சி, அதில் 14 மணி நேரம் செய்முறை. தேர்வில் 50 கேள்விகள். 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஆண்டுதோறும் மறுபயிற்சியும் உண்டு.

இது நல்ல ஏற்பாடுதான். முகக்கவசம் எப்படிப் பொருந்த வேண்டும், நார் பறக்காமல் எப்படி நனைக்க வேண்டும் என்று தெரியாமல் கூலிக்கு இறக்கிவிடப்பட்டவர்களின் நுரையீரல்களை நினைத்தால், இந்தச் சான்றிதழை ஏளனம் செய்ய மனம் வராது. என் கேள்வி வேறு. ஆபத்தைப் பற்றிய அறிவு யாருக்குச் சேர வேண்டியது? அதை அரசு எந்த அளவுகோலால் பங்கிடுகிறது?

அந்த மாதிரித் திட்டத்தின் பாடப்பட்டியலில் தனிநபர் தூய்மை என்றொரு தலைப்பு இருக்கிறது. குளிப்பது, வேலையிடத்தில் சாப்பிடாமல் இருப்பது, புகையிலை மெல்லாமல் இருப்பது எல்லாம் அதில் வருகின்றன. அதன் கடைசியில், குடும்பத்தினருக்கு நேரக்கூடிய பாதிப்பையும் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு வரி.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் பெண்களே நிற்கிறார்கள். பிரிட்டனின் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களுள் ஒருவரான லூசி டீன் 1898-லேயே ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் கேட்டைத் தம் அறிக்கையில் எழுதினார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1965-இல் முரியல் நியூஹவுஸ் என்ற மருத்துவர், ஹில்டா தாம்சனோடு சேர்ந்து, லண்டன் மருத்துவமனை ஒன்றில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு ஆளானவர்களின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார். விவரம் கிடைத்த 76 பேரில் 9 பேர் ஆஸ்பெஸ்டாஸ் வேலையே செய்யாதவர்கள்; அவர்களோடு வீட்டில் இருந்த ஒருவர்தான் அந்த வேலைக்குப் போனவர். அவர்களிடம் அதிகம் கேட்ட கதை ஒன்றே: கணவனின் வேலைத்துணியை மனைவி துவைத்தாள்.

துணியை உதறாமல் ஊறப்போடுகிறவர்கள் யார்? பையைத் தடவிப் பார்த்து, சட்டையை நாலு முறை உதறி, பிறகுதான் வாளியில் போடுவோம். அந்த நான்கு உதறல்களில் பறந்த நார் 20, 30, 40 ஆண்டுகள் கழித்து நோயாக வருகிறது. அதற்குள் ஆலை மூடியிருக்கும், கணவனும் இறந்திருக்கலாம்.

சான்றிதழ் பாதுகாப்பை மட்டும் தருவதில்லை. 'இவருக்கு ஆபத்து தெரியும், தெரிந்தே வேலைக்கு வந்தார்' என்று சொல்லும் உரிமையையும் அது முதலாளிக்குத் தருகிறது. அறிந்து ஏற்பது, அதற்கு ஈடாகக் கூலி பெறுவது என்ற இரண்டின் மேல்தான் ஆபத்தான வேலைகளின் நியாயம் நிற்கிறது. துவைத்தவளுக்கு இரண்டும் இல்லை. அவள் செய்ததை வேலை என்று எவரும் அழைக்கவில்லை. மனைவியின் கடமை என்றார்கள், கொஞ்சம் மனம் இளகியவர்கள் அன்பு என்றார்கள்.

கூலி வாங்கிக்கொண்டு சுத்தம் செய்பவர்களுக்கும் பங்கு சுருங்கியே வருகிறது. பெரிய அளவில் பெயர்ப்பவருக்கு 4 நாள்; சிதறியதைக் கூட்டித் துடைப்பவருக்குக் கூட்டரசு விதி கேட்பது குறைந்தது 2 மணி நேரம். பாதிப்பு குறைவு, ஆகவே பயிற்சியும் குறைவு என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் தவறில்லை. ஆனாலும் அழுக்கை எடுப்பதற்கு அறிவு வேண்டாம் என்ற பழைய எண்ணத்தின் வாசனை அதில் அடிக்கிறது.

சலவைக்கான விதி இன்னும் வியப்பானது. மாசுபட்ட உடையை வெளியாரிடம் வெளுக்கக் கொடுக்கும் முதலாளி, நார் காற்றில் பரவாமல் வெளுக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும். சலவைக்கூடத்துக்கு அறிவிப்பு உண்டு. வீட்டில் துவைப்பவளிடம் நேரே சொல்லும் கடமை அந்த விதியில் இல்லை. அவளுக்கு வர வேண்டிய செய்தி பயிற்சி முடித்த கணவனின் வாய் வழியாக வர வேண்டும். அன்று அவன் களைத்திருந்தால், மறந்திருந்தால், அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருந்தால்?

மனைவிக்கும் 4 நாள் வகுப்பு வைக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்புறம் அவளுக்கு நோய் வந்தால் 'நீதான் சரியாகத் துவைக்கவில்லை' என்பார்கள். வேலையிடத்தில் குளியலறையும் உடைமாற்றும் அறையும் சலவையும் முதலாளியின் செலவில் இருப்பது ஒன்று; வீட்டுக்கு வந்த தூசியைச் சமாளிக்கப் பெண்ணைத் தயார்செய்வது முற்றிலும் வேறு.

வசதி இருந்தும் போதாமல் போனதற்கு நியூயார்க்கில் ஒரு வழக்கு உண்டு. துறைமுக ஆணையத்தின் ஊழியர் ஒருவருக்கு அங்கேயே சலவை வசதி இருந்தும், வீட்டுக்குக் கொண்டுபோவது எளிது என்று மனைவியிடம் கொடுத்தார். அவள் நோயுற்றாள். அவளுக்கு ஆணையம் எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை என்று 2005-இல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவளை ஏற்றால் நாளை குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும், தெருமுனைச் சலவைக்கடைக்காரரும் வருவார்களே என்ற கவலை அந்தத் தீர்ப்பில் தெரிகிறது. வரத்தானே வேண்டும்? தூசி அவர்கள் மேலும் படிந்ததென்றால், எண்ணிக்கை கூடுகிறது என்பது கடமையை மறுக்க எப்படிக் காரணமாகும்?

2016-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் நடந்தது. உடையிலும் உடம்பிலும் வீட்டுக்குப் போகும் நாரைத் தடுப்பது முதலாளியின் கடமை, கட்டட உரிமையாளரின் கடமையும்கூட, என்றது. ஆனால் அங்கேயும் ஒரு கோடு போட்டார்கள்: தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு மட்டும். அதே வீட்டுக்குக் காலையில் வந்து, அதே சட்டையை உதறித் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மாலையில் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போகும் வேலைக்காரப் பெண் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறாள்.