மஞ்சள் யார் கேட்டது?

மளிகைக் கடையில் விரலி மஞ்சள் வாங்கப் போகிறீர்கள். ஒரு தட்டில் இருப்பது பளிச்சென்று கண்ணைப் பறிக்கிறது. பக்கத்துத் தட்டில் இருப்பது கொஞ்சம் மண் பூத்த மாதிரி, சோகை பிடித்த மாதிரி. எதை எடுப்பீர்கள்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். நானும் அதைத்தான் எடுப்பேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தருவது குர்குமின் என்கிற நிறமி. கிழங்கில் நூற்றுக்கு மூன்று, நாலு பங்குதான் இருக்கும். நிறம் தூக்கலாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு என்று பாட்டிகள் போட்ட கணக்கில் நியாயம் உண்டு. செடிகள் சும்மா பொழுதுபோகாமல் நிறம் பூசிக்கொள்வதில்லை. விதை முற்றுகிற வரை காய் பச்சையாக, இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். முற்றியதும் சிவக்கும், மஞ்சளாகும். 'இப்போ வரலாம், சாப்பிடலாம், விதையை மட்டும் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுடு' என்று பறவைக்குத் தகவல். வாயில்லாத ஜீவன் பேசுகிற பாஷை அது.

அந்த வாக்கியத்தை இடையில் ஒரு மனிதன் திருத்தி எழுதினால்? அது பொய்யா? பொய் என்றால், சொன்னது யார்?

பங்களாதேஷில் நடந்ததைக் கேளுங்கள். 1980-களில் அங்கே பெருவெள்ளம். மஞ்சளைச் சரியாகக் காயவைக்க முடியவில்லை. நிறம் செத்துப் போனது. கிழங்கை உருட்டிப் பாலீஷ் போடுகிற இடத்தில் யாரோ ஒரு மஞ்சள் பொடியைத் தூவினார்கள். பளபளவென்று ஆகிவிட்டது. வெள்ளம் வடிந்தது. பொடி வடியவில்லை. பல வருஷம் தொடர்ந்தது. அந்தப் பொடியின் பெயர் லெட் குரோமேட். பெயிண்ட்டில் போடுகிற சமாசாரம். அதில் இருப்பது ஈயம். குழந்தையின் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போனது திரும்பாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்களும் டாக்கா ஆராய்ச்சியாளர்களும் ஊர் ஊராகப் போய் விசாரித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலின் சாரம்: ஜனங்களுக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கிறது. மில்காரர் வியாபாரியைக் கை காட்டலாம், வியாபாரி கடைக்காரரை, கடைக்காரர் நம்மை. வரிசையின் கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது நீங்களும் நானும்.

நாம் விஷம் கேட்கவில்லையே? வாஸ்தவம். நிறம்தான் கேட்டோம். அது எப்படி வருகிறது என்று கேட்கவில்லை.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். விஷயம் வெளியே வந்ததும் அந்த அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சோதனை, அபராதம், பத்திரிகையில் எச்சரிக்கை. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் பூஜ்யம். அதற்காக நாம் நிம்மதியாகத் தூங்க வேண்டியதில்லை. 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் சந்தை மஞ்சளில் ஈயம் எக்கச்சக்கம்.

மஞ்சள் கேஸில் தீர்ப்பு சுலபம். விஷம் போட்டவன் குற்றவாளி. என்னைக் குழப்புவது விஷமே இல்லாத கேஸ்.

நாட்டுக்கோழி முட்டை. உடைத்தால் மஞ்சள் கரு ஆரஞ்சாக இருக்க வேண்டும், அப்போதுதான் நாட்டுக்கோழி என்பது நம் நம்பிக்கை. புல், கீரை என்று மேய்கிற கோழிக்கு அந்த நிறமிகள் இலையிலிருந்து கிடைக்கும். கூண்டுக் கோழிக்கு மேய்ச்சல் ஏது? தீவனத்தில் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த சாயத்தைக் கலந்தால் போச்சு, கரு ஆரஞ்சாகிவிடும். செண்டுமல்லி சுத்தமான இயற்கை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் அந்த ஆரஞ்சு உங்களிடம் என்ன சொல்கிறது? 'நான் வெயிலில் திரிந்து புல் மேய்ந்த கோழியின் முட்டை' என்கிறது. பச்சைப் புளுகு. 'இயற்கை நிறம்' என்று லேபிளில் போட்டுவிட்டால் மனசாட்சி க்ளீன் என்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. சாயம் இயற்கையானதுதான், சொல்கிற சேதி இயற்கையானதில்லை.

அமெரிக்காவில் இதே சண்டை நூறு வருஷத்துக்கு முன்பே கோர்ட் வரை போனது. கோடையில் பச்சைப்புல் தின்கிற பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் வைக்கோல் தின்கிறபோது வெளுத்துவிடும். (நம்மூர் எருமை வெண்ணெய் எப்போதும் வெள்ளை. அதை யாரும் குறை சொன்னதில்லை!) அங்கே வெண்ணெய்க்காரர்கள் குளிர்காலத்தில் ஒரு மரத்தின் விதையிலிருந்து எடுத்த அன்னாட்டோ சாயத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். போட்டிக்கு மார்கரின் வந்து அதுவும் மஞ்சள் பூசிக்கொண்டதும், அதே ஆட்களுக்கு வந்ததே கோபம்! 'ஏமாற்று வேலை!' 1891-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மார்கரினுக்கு ரோஸ் கலர் பூசித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே போட்டது. 1898-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பிறகு மஞ்சள் மார்கரினுக்கு மட்டும் பவுண்டுக்குப் பத்து சென்ட் வரி, 1950 வரை. கம்பெனிகள் லேசுப்பட்டவையா? வெள்ளை மார்கரினோடு தனியாக ஒரு சாயக் குளிகையும் கொடுத்தார்கள். வீட்டில் அம்மாக்கள் உட்கார்ந்து பிசைந்து மஞ்சளாக்கினார்கள்.

இங்கே யார் யாரை ஏமாற்றியது? வாங்கியவளுக்கு எல்லாம் தெரியும். தன் கண்ணுக்காகத் தானே கலக்குகிறாள். பொய்யே இல்லை என்று சொல்ல வாய் வருகிறது... சாப்பாட்டு மேஜைக்கு விருந்தாளி ஒருவர் வந்து, 'வெண்ணெய் ஜோர்' என்று சொல்கிற வரைக்கும்.

கண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது என்கிறீர்களா? நம்மூர் பச்சைப்பழம் இருக்கிறதே, தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்திருக்கும். நம் உஷ்ணத்தில் அந்த வகை வாழையின் தோலில் பச்சையம் முழுசாகக் கரைவதில்லை. அடியில் இருக்கிற மஞ்சள் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். அதைக் காலம் காலமாக விரலால் அமுக்கி, மோந்து பார்த்து வாங்கினோம். இப்போது அதே பழத்தைக் குளிர்ந்த அறையில் எத்திலீன் வாயு காட்டி, ஒரே சீரான மஞ்சளாக்கி விற்கிறார்கள். பழுப்பது நிஜமாகவே பழுக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால், பச்சைத்தோலோடு பழுத்த சீப்பைப் பக்கத்தில் வைத்தால் 'காய்' என்று ஒதுக்கிவிட்டுப் போகிறோம்.

அடுத்த முறை மளிகைக் கடையில், 'கொஞ்சம் மங்கலா இருக்கிற மஞ்சளே கொடுங்க அண்ணாச்சி' என்று கேட்டுப் பாருங்களேன். அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "அது நல்லாருக்காது சார், இருங்க, உள்ளேருந்து நல்லதா எடுத்துத் தர்றேன்" என்பார்.