ஆதிரை மங்கிய தை

மழை விட்டு வானம் தெளிகிற கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் இறங்கி நின்று வேட்டைக்காரனைத் தேடுவது என் வழக்கம். பாடப்புத்தகத்தில் ஓரியன் என்று போட்டிருக்கும். எனக்கு முதலில் கண்ணில் பட வேண்டியது அவன் தோளில் செம்மஞ்சளாக நிற்கும் திருவாதிரை. அது தெரிந்துவிட்டால் மற்றவை தானாக வந்து சேரும்: இடுப்பில் மூன்று மீன், அந்தப் பக்கம் ரோகிணி, அதையும் தாண்டிக் கார்த்திகைக் கூட்டம். தை பிறந்தால் தெற்கு மேட்டுக்கு மேலே அகத்தியர் நட்சத்திரம். கையெடுத்துக் கும்பிடுவதில்லை. ஆனால் இவற்றைப் பார்க்காமல் படுத்தால், விளக்கு வைக்காத வீட்டில் படுத்தது போல இருக்கும்.

எங்கள் ஊரான பீர்மேட்டின் வானத்துக்கு ஒரு குணம் உண்டு. நாங்கள் இருப்பது ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி அட்சரேகையில். துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு வடக்கே இருக்கும் தேயிலை மேடு அதை மறைத்துவிடும். விருச்சிகம் முன்னிரவில் உச்சிக்கு வருகிற ஆனி, ஆடியில் இங்கே மழையும் மூடுபனியுமாக மூடிக் கிடக்கும். துருவம் மேட்டுக்குப் பின்னால் போய்விடுவதால், அசையாமல் நிற்கும் ஒன்றை எங்கள் வாசலிலிருந்து பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பதெல்லாம் போய்த் திரும்பி வருகிறவை. அம்மா கொழுந்து எடுத்தவள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவாள். ஆடிக் கடைசியில் என்றைக்காவது மேகம் விலகினால், கிழக்கே அந்த மூன்று மீனும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதைக் காட்டி, "வந்துட்டாங்க பாரு" என்பாள். யார் என்று சொன்னதில்லை.

தேயிலை விலை விழுந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் பூட்டிய 2000-க்குப் பிந்திய வருஷங்களில் லயத்தில் கரண்ட் இல்லை. வானம் அவ்வளவு நெருக்கமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சம்பளம் எப்போது வரும் என்று ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனவர்கள் உண்டு. எனக்கு அந்த மீன்களிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அப்போது பழகியதுதான் இன்றுவரை நிற்கிறது.

2019 கடைசியில் ஆதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில், தை முடிகிற நாட்களில், அதன் வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. எதிர்த்தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் எப்போதும் ஆதிரைக்கு ஒரு படி குறைந்தது. அந்த வாரங்களில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒளியில் வித்தியாசம் தெரியவில்லை, நிறம் ஒன்றுதான் அடையாளம். வெடிக்கப் போகிறது என்று செய்தி வந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. சித்திரைக்குள் அது தேறிவிட்டது. நட்சத்திரம் தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் கக்கியிருக்கிறது, அது குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் பிறகு கண்டுபிடித்தார்கள். ஆதிரை ஐந்நூறு ஒளியாண்டுக்குக் குறையாத தூரத்தில் இருக்கிறது. நான் பார்த்துப் பதறிய மங்கல், இந்த மலையில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத காலத்தில் நடந்து முடிந்தது.

அப்படியானால் நான் யாருக்காகப் பயந்தேன்? பெல்லாட்ரிக்ஸ் நம்மிடமிருந்து சுமார் 250 ஒளியாண்டு. ஆதிரை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். காலில் இருக்கும் ரைஜல் சுமார் 860. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இவற்றைக் கோடு போட்டு இணைத்துத் தோள் என்றும் கால் என்றும் சொன்னது மனுஷன். வேறொரு நட்சத்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேட்டைக்காரன் கலைந்துபோவான். உருவம் நாம் போட்டதுதான் என்று தெரிந்த பிறகும் அதில் மனம் வைக்கலாமா? கோயிலுக்குப் போகிற எவரும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்துதான் தீர வேண்டும்.

உருவம் முதல் படி, ஏறியதும் விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சிதம்பரத்தில் நடராசர் உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், திரைக்குப் பின்னால் தங்க வில்வம் தொங்கும் வெறும் இடம் அருவம். மூன்றும் ஒரே சபையில் இருக்கின்றன. வெறும் இடத்தைத் தரிசித்தவர்கள்தான் மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் தேர் வடத்தையும் பிடிக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த தக்கலை பீர் முகம்மது அப்பா உருவமில்லாத இறைவனைத் தமிழில் பாடியவர். அவர் இந்த மலையில் தவமிருந்தார் என்பார்கள். அவரை நினைக்கிறவர்களுக்கும் நின்று நினைக்க ஒரு மேடு வேண்டியிருக்கிறது.

என் சம்மதமின்மைக்குக் காரணம் அந்தத் தை மாதம். வானத்தில் வெறுங்கண்ணுக்கே ஆயிரக்கணக்கில் மீன்கள். அதில் ஒன்று இளைத்தால் யாருக்குத் தெரியும்? தோள் என்று ஒன்றை மனதில் வைத்துத் தினமும் தேடியவளுக்குத் தெரிந்தது. நாம் போட்ட கோடு பொய்யாகவே இருக்கட்டும். அந்தக் கோட்டின் வழியாகத்தான் நாம் போடாத ஒன்று, நமக்குப் பிடிக்காத ஒன்றுகூட, நம்மை வந்து எட்டியது. உருவத்தைக் கும்பிடுகிறவர்கள் உண்மையைப் பார்க்க மறுக்கிறவர்கள் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். தன் அம்மன் முகத்தைத் தினமும் பார்க்கிறவளுக்குத்தான் அந்த முகத்தில் வந்த மாற்றம் தெரியும்.

ஆதிரை வெடிப்பது நிச்சயம். ஒரு லட்சம் வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்கிறார்கள். கொஞ்ச காலம் பகலிலும் தெரியுமாம், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதன் பிறகும் இந்த மேட்டில் யாராவது நின்று தோளைத் தேடத்தான் செய்வார்கள். இருந்த இடத்தைக் காட்டி அதற்கும் ஆதிரை என்றே பெயர் சொல்வார்கள் என்று நம்புகிறேன். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவதும் அப்படி ஓர் இடத்தைத்தானே.