பனைக்கு இரங்குவதா, அணிலுக்கு இரங்குவதா?



ஒரு சிறுவன் கவட்டையால் அணிற்பிள்ளையை அடித்து வீழ்த்தினால், பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்கிறோம். திசையன்விளைப் பக்கத்துப் பனைகளைத் துண்டாக்கிச் செங்கற்சூளைக்கு லாரியில் ஏற்றினால் விலையை விசாரிக்கிறோம். இவ்விரண்டில் எது பெரிய குற்றம்?

அணிலுக்கு வலிக்கும், பனைக்கு வலிக்காது, ஆகவே அணிலைக் கொல்வதே குற்றம் என்பீர்கள். பெரியோர் கூற்றும் இதற்கு இசைவாகவே தோன்றும். தொல்காப்பியர் மரத்துக்கு ஓரறிவும் விலங்குக்கு ஐயறிவும் வகுத்தார். அர்ச். தோமாஸ் அக்குவினாரும் மரத்துக்கு வளரும் ஆன்மாவையும் மிருகத்துக்கு உணரும் ஆன்மாவையும் சொன்னார். (வெளியே வைரமும் உள்ளே சோறுமாக இருக்கும் பனை, தொல்காப்பியர் கணக்கில் மரமே அன்று, புல்!)

ஆனால் வலியை மாத்திரம் தராசில் வைத்தால் போதுமா? அணில் ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் போடும். பனையோ கொட்டை ஊன்றி ஏறக்குறைய 15 ஆண்டு சென்றுதான் பாளை விடும். அது ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். தாமிரபரணித் தண்ணீர் எட்டாத தேரிச் செம்மணலில் பனையே மக்களுக்கு வயலாயிருந்தது. பதநீர், கருப்பட்டி, கிழங்கு, ஓலை என்று நட்டவனைவிடப் பேரனே அதிகம் அனுபவிப்பான். அணிலுக்கும் அது வீடு. 1766-ல் லின்னேயுஸ் அதற்கு இட்ட லத்தீன் பெயரின் பொருளே "பனைகளுக்குரியது" என்பதுதான்.

அப்படியானால் அணிலை அடிக்கலாமா? கூடாது. வேறு அணில் பிறக்கும் என்பதால் இந்த அணிலின் வேதனை குறைந்துவிடாது. அத்தீங்கு முழுவதும் அதற்கே. பனையை வெட்டும் தீங்கோ இன்னும் பிறவாதவர்களைச் சேருகிறது. அவர்கள் கீச்சிட்டுக் கத்தமாட்டார்கள், நம் காதிலும் விழாது. உபாகமம் இரண்டையும் கவனித்திருக்கிறது: 20-ம் அதிகாரம் முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டத் தடுக்கிறது, 22-ம் அதிகாரம் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு பிடிக்கத் தடுக்கிறது.

ஏற ஆள் கிடைக்காமல், மகள் கல்யாணச் செலவுக்குப் பனையை விற்றவரை நான் கவட்டைச் சிறுவனோடு சேர்க்கமாட்டேன். அவருக்குத் தேவை இருந்தது, இவனுக்கு விளையாட்டு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அனுமதி பெற்று வெட்டியவரிடமும் ஒன்று கேட்பேன்: ஆவணியில் பழம் விழுந்தபோது அந்த இடத்தில் எத்தனை கொட்டை ஊன்றினீர்?