அச்சமும் அன்பும்

சென்ற பெருநாள் விடுமுறையில் செங்கற்பட்டிலிருந்து பேரப்பிள்ளைகளுடன் மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். ஏழு வயதுப் பேரன் அலையில் கால் நனைக்கத் துடித்தான். என் மகளோ அவனுடைய மணிக்கட்டை விடவேயில்லை. "கரையோரம்தானே, கையை விடுங்கள் உம்மா" என்று அவன் கெஞ்சியும் பயனில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிப் பேரலை இக்கரையில் புகுந்ததை அறிந்தவர் எவரும் அவளைக் குறை கூறமாட்டார்.

வீடு திரும்பியதும் பிள்ளைகள் வழக்கம்போல் 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் போடச் சொன்னார்கள். "எத்தனை முறைதான் பார்ப்பீர்கள்?" என்று கடிந்துகொண்ட நானும், இறுதிவரை இடம்விட்டு எழவில்லை.

அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்திற்காக ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கி, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த கார்ட்டூன் படம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதன் ஈர்ப்புக் குறையவில்லை. வண்ணமும் வேடிக்கையும் மட்டுமே காரணமெனில், பின்னால் வந்த எத்தனையோ படங்கள் அதனை மறக்கடித்திருக்கும். பிள்ளைகளைப் பெற்ற எந்த வீடும் தப்ப முடியாத ஒரு வினாவை அது எழுப்புகிறது: அன்பு என்பது பற்றிக்கொள்வதா, விட்டுக்கொடுப்பதா?

மார்லின் என்னும் கோமாளி மீன், தன் துணையையும் முட்டைகளையும் ஒரே நாளில் கொடிய மீனொன்றுக்குப் பறிகொடுக்கிறது. எஞ்சியது ஒரே குஞ்சு, நீமோ. அதற்கும் ஒரு துடுப்பு சிறுத்திருக்கிறது. இனி இவனுக்கு எதுவும் நேரவிடேன் என்று உறுதி பூணுகிறது தந்தை மீன். இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று எள்ள நமக்கு உரிமையுண்டா? அது இழப்பில் பிறந்த அச்சமல்லவா? ஆயினும், தோழர் முன்னிலையில் தந்தை காட்டிய அவநம்பிக்கையால் மனம் நொந்தே நீமோ ஆழ்கடலுக்கு நீந்திச் சென்று, மனிதர் கையில் சிக்குகிறது. கடலில் ஆபத்து இருந்தது உண்மை. அந்த ஆபத்தை நோக்கி மகனை விரட்டியது தந்தையின் அச்சம் என்பதும் உண்மையே.

மகனைத் தேடும் வழியில் மார்லின் ஓர் ஆமையைச் சந்திக்கிறது. தன் குஞ்சு நீரோட்டத்திலிருந்து தூக்கி எறியப்பட்டபோதும் பதறாமல், அது தானே மீள்வதைப் பொறுத்திருந்து காணும் தந்தை ஆமை அது. நம் கரைக்கும் ஆமைகள் அந்நியமல்ல. ஆண்டுதோறும் சனவரி முதல் பங்குனி ஆமைகள் இங்கு வந்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. சென்னையில் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைத் திரட்டி, வேலியிட்டுக் காக்கின்றனர். குஞ்சு பொரித்ததும் அவற்றை நீரில் கொண்டுபோய் இடுவதில்லை. ஈர மணலில் விட்டு, தாமாகவே ஊர்ந்து கடலை அடையச் செய்கின்றனர். காத்தலுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர்.

நபி மூஸா (அலை) அவர்களின் அன்னை, பச்சிளங் குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டதை நாம் அறிவோம். விட்டதோடு அவர் நின்றாரா? பேழை போகும் வழியைக் கண்காணிக்க மகளை அனுப்பினார். இறைவன்மீது வைத்த நம்பிக்கையும் தாய்மையின் விழிப்பும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. விடுதல் வேறு, கைவிடுதல் வேறு.

படத்தின் இறுதியில், மீனவர் வலையில் அகப்பட்ட தோழி டோரியை மீட்க, தானே வலைக்குள் நுழைய நீமோ அனுமதி கேட்கிறது. தந்தை தயங்குகிறது, பிறகு இசைகிறது. அனைத்து மீன்களும் ஒருங்கே கீழ்நோக்கி நீந்த, வலை அறுகிறது. அஞ்சாத தந்தை அனுமதித்திருந்தால் அதில் வியப்பில்லை. அஞ்சிக்கொண்டே அனுமதித்ததால்தான் அக்காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது.

படம் முடிந்தது. பிள்ளைகள் உறங்கச் சென்றனர். என் மகள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அத்தா, இவனுக்கு நீச்சல் கற்றுத்தர நல்லவர் ஒருவரைப் பாருங்கள். நானும் உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.