பதினைந்து அடி வழி

2004 ஜூலை 9 அன்று, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், மேற்குக் கரைக்குள் இஸ்ரேல் கட்டிவந்த சுவர் சட்டவிரோதமானது என்றது. பதினைந்து நீதிபதிகளில் பதினான்கு பேர் ஒரே பக்கம். கட்டுவதை நிறுத்த வேண்டும், கட்டியதை இடிக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ஆனால் அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டுப்படுத்தாது. இஸ்ரேல் நிராகரித்தது. சுவர் இன்னைக்கும் நிக்குது.

அப்ப அந்தத் தீர்ப்பால் என்ன பிரயோஜனம்? இந்தக் கேள்வியோடு நாம் போக வேண்டிய இடம் மதுரை மாவட்டம், எழுமலைக்குப் பக்கத்தில் உள்ள உத்தப்புரம்.

1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு, பிள்ளைமார் தெருக்களையும் பள்ளர் குடியிருப்பையும் பிரித்து அங்கே சுமார் 600 மீட்டர் நீளச் சுவர் எழும்பியது. கட்டியவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: பாதுகாப்புக்காகக் கட்டினோம், ஊர்ப் பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்டுதான் கட்டினோம். முதல் காரணத்தை இஸ்ரேலும் அப்படியே சொல்கிறது. இரண்டாவதுதான் என்னை உறுத்துகிறது. அடிவாங்கி, பயந்துபோய் உட்கார்ந்திருப்பவன் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகு, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் சுமார் பதினைந்து அடியை இடித்துப் பாதை விட்டது. மீதி அப்படியே இருந்தது. அந்தப் பதினைந்து அடிக்கே கோபப்பட்டு, சுவர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாதுகாப்புதான் பிரச்சினை என்றால் போலீஸ் காவல் கேட்டிருக்கலாமே!

ஹேக் தீர்ப்புக்கு ஒன்பது நாள் முன்பு, இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமும் பெய்த் சூரிக் வழக்கில் தீர்ப்பு சொன்னது. சுவர் கட்டலாம், ஆனால் இந்தப் பாதை பாலஸ்தீன விவசாயிகளுக்கு அளவுக்கு மீறிய கஷ்டம் தருகிறது என்று, விசாரித்த 40 கிலோமீட்டரில் சுமார் 30 கிலோமீட்டரை ரத்து செய்தது. உடனே பலன் தந்தது இதுதான். ஹேக் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை.

இருந்தும் நான் ஹேக் பக்கம்தான். பக்கத்திலிருக்கும் நீதிபதி சுவர் எங்கே போகட்டும் என்று கேட்கிறார். கலெக்டரும் அதையேதான் செய்தார். எத்தனை அடி திறக்கலாம் என்று பார்த்தார். வயலுக்குப் போக வழி கிடைத்தவனிடம் இந்த வித்தியாசத்தைப் பேசுவது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவரே ஏன் இருக்க வேண்டும் என்று கேட்க, அதோடு வாழப் பழகாத ஒருவர் வேண்டியிருக்கிறது.

எங்கள் குன்னம் பக்கம் இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. ஊர் இந்தப் பக்கம், காலனி அந்தப் பக்கம். நடுவில் மக்காச்சோளக் கொல்லை. சுவர் வைக்கத் தேவையில்லாத தூரம். "வெளியூர்க்காரனுக்கு நம்ம ஊரப்பத்தி என்ன தெரியும்" என்ற வசனம் மட்டும் இங்கேயும் உண்டு. அதைச் சொல்பவர் எப்போதும் ஊர்ப் பக்கத்து ஆளாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

உத்தப்புரத்தில் 2011 அக்டோபரில் இன்னொரு உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த மாதம் தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார்கள். ஹேக்கில் 2024 ஜூலை 19 அன்று அதே நீதிமன்றம், 2004 கருத்தையும் எடுத்துக்காட்டி, ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்றது. இந்த முறை சுவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.