மனசுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் ஆவடிக்கு அப்புறம் இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி. அடுத்து திருநின்றவூர். ஊர்ப் பேரைச் சொன்னதும் பெரும்பாலோர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலைச் சொல்வார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நியாயம்தான். ஆனால், கல்வி பற்றி யோசிக்க உட்கார்ந்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஊர்க்காரர் இன்னொருவர். பூசலார் நாயனார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவனுக்கு ஒரு கோயில் கட்ட அவருக்கு ஆசை. கையில் காசில்லை. அலைந்து திரிந்து கேட்டுப் பார்த்தார், ஒன்றும் பெயரவில்லை. சரி, மனசுக்குள்ளேயே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார். நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒன்று விடாமல் கட்டி முடித்து, கும்பாபிஷேகத்துக்குத் தேதியும் குறித்தார். அதே தேதியில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜாவும் தன் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தான். சிவன் ராஜாவின் கனவில் வந்து, 'நாளைக்கு நான் நின்றவூர் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் விசேஷத்தைத் தள்ளி வை' என்றாராம். ராஜா அடித்துப் பிடித்து நின்றவூருக்கு வந்து 'எங்கே அந்தக் கோயில்?' என்று கேட்டால், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மனசு இருந்தால் போதும், கல்லும் காசும் எதற்கு? நாம் வழக்கமாக இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம் இதுதான்.

இப்போது திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் போகிற ரோட்டைப் பிடியுங்கள். முதுகுக்குப் பின்னால் ரயில், பிளாட் மனை, இன்ஜினீயரிங் காலேஜ். முன்னால் கொஞ்ச தூரத்திலேயே வயல், ஏரி, கிராமம். பட்டணம் முடிகிற இடம். அங்கே உள்ளடங்கிய ஒரு தெருவில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கூலி வேலை. அம்மாவும் அதேதான். அந்தப் பெண்ணைப் பற்றி டவுனில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாம் என்ன சொல்கிறோம்?

"இப்பல்லாம் என்ன சார், எல்லாம் நெட்டுலயே இருக்கு. ஒரு செல்போன் இருந்தாப் போதும். படிக்கணும்னு மனசு இருக்கணும், அவ்வளவுதான்!"

இணையப் படிப்பைக் கிண்டல் செய்வது என் நோக்கமில்லை. ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் பாடங்களை எந்த ஊர்ப் பிள்ளையும் காலணா ஃபீஸ் கட்டாமல் பார்க்கலாம். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழி டேட்டா சயன்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நாலு வாரம் பாடம் படித்து, அதிலேயே ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் உள்ளே போய்விடலாம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு வரை சலுகை உண்டு. ஐ.ஐ.டி. என்பதை பஸ் ஸ்டாப் பெயராக மட்டும் கேள்விப்பட்டிருந்த குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் டிகிரி முடித்த எத்தனையோ பெண்களுக்கு அஞ்சல் வழிக் கல்வி செய்த உபகாரத்தை, இது பல மடங்காகச் செய்யக்கூடும்.

என் சந்தேகம் வேறு. கதவைத் திறந்து வைத்துவிட்டால் கடமை முடிந்துவிட்டதா? உள்ளே வராதவளைப் பார்த்து 'உனக்கு மனசில்லை' என்று சொல்ல நமக்கு உரிமை வந்துவிடுகிறதா?

இந்தக் கதவு திறக்கிற விழா நமக்குப் புதுசும் இல்லை. 1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி.யில் பாடம் காட்டினோம். 1984-ல் யு.ஜி.சி.யின் கல்லூரிப் பாடங்கள் தூர்தர்ஷனுக்கு வந்தன. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க டி.வி.யைப் போட்டு தெர்மோடைனமிக்ஸில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். 2019 ஆகஸ்டில் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டி மாறியது. பெட்டிக்கு முன்னால் உட்காருகிற பிள்ளையின் வீடு அப்படியேதான் இருந்தது.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. பத்தொன்பது மாசம், மனசுக்குள்தான் பள்ளிக்கூடம்.

இந்தியக் கிராமங்களில் 'ஏசர்' என்ற கல்வி ஆய்வு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பது 2018-ல் நூற்றுக்கு 36 சொச்சம், 2021-ல் 67 சொச்சம் என்றது அது. மூணே வருஷத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு! கைதட்டுவதற்கு முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளிலேயே நாலில் ஒருவருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டாம். வீட்டுக்கு ஒரு போன். காலையில் அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். சாயந்திரம் வந்தால் முதலில் அண்ணனுக்கு. பெண் பிள்ளையின் முறை வரும்போது சார்ஜ் இருக்காது, அல்லது டேட்டா இருக்காது. ரெண்டும் இருந்தால் கழுவப் பாத்திரம் இருக்கும்.

சரி, ஆளுக்கொரு போன் கொடுத்துவிடலாம். டேட்டாவும் இலவசம். அப்போது?

அதற்கும் பதில் இருக்கிறது, அமெரிக்காவில். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் உலகத்துக்கே திறந்துவிட்ட இணைய வகுப்புகளைப் பற்றி 2019-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் அவற்றில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூணு பேர் சொச்சம். அதே பத்திரிகையில் 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்காவுக்குள்ளேயே இந்த வகுப்புகளில் அதிகம் சேர்கிறவர்கள் வசதியான பகுதிக்காரர்கள்தான் என்றது. இலவசப் பந்தியில் முதலில் இலை போட்டு உட்கார்ந்தவன், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

ஏன் இப்படி? (இந்த இடத்தில் ஏகலைவனைக் கூப்பிடுவது எழுத்தாளர்களின் வழக்கம். பாவம், கட்டைவிரலே போனவர், விட்டுவிடுவோம்.) பூசலாரையே கேட்போம். மனசுக்குள் கோயில் கட்டினார், சரி. அவரால் எப்படிக் கட்ட முடிந்தது? கோயில் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வேத ஆகமம் அறிந்தவர். எதற்கு அப்புறம் எது, எங்கே மதில், எங்கே குளம், எல்லாம் அத்துப்படி. வெளியே பல கோயில்களைப் பார்த்துப் பழகிய மனசுதான் உள்ளே ஒன்றைக் கட்டியது. கோயிலையே பார்த்திராத ஒருவரை உட்கார வைத்து 'மனசுக்குள்ள கட்டுப்பா' என்றால் என்னத்தைக் கட்டுவார்?

தானாகப் படிப்பதும் அப்படித்தான். புரியாத இடத்தில் நிறுத்தி இரண்டு பக்கம் பின்னால் போவது, கணக்குத் தப்பானால் அழாமல் மறுபடி போடுவது, வெட்கப்படாமல் சந்தேகம் கேட்பது, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது... இதெல்லாம் எந்த வீடியோவிலும் வருவதில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து, டீச்சரின் ஒரு முறைப்பில், எப்போதாவது கிடைக்கிற ஒரு 'வெரிகுட்'டில் ஒட்டிக்கொள்கிறவை. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு இதற்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சாப்பாட்டு மேஜையிலேயே போகிற போக்கில் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் 'எல்லாம் நெட்டுலயே இருக்கு' என்று நமக்குத் தோன்றுகிறது.

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் பள்ளிக்கூடக் கதவு திறந்துதான் இருந்தது. பிள்ளைகள் வராததற்கு அவர் மனசைக் குறை சொல்லவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

'மனசே போதும்' என்று பூசலார் சொன்னால் அது பக்தி. கல்லும் கஜானாவும் வைத்திருக்கிற ராஜா சொன்னால் கஞ்சத்தனம். ஒரே வாக்கியம்தான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. நம் விஷயத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இல்லை, நாம்.

சேக்கிழார் சொல்கிறபடி ராஜா பூசலாரைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறான். அதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. காசு கிடைக்காமல்தான் இவர் மனசுக்குள் கட்டினார் என்று தெரிந்த பிறகு, 'ரெண்டு வண்டி கல் அனுப்பறேன் சாமி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திருநின்றவூரில் இப்போது இருதயாலீஸ்வரர் கோயில் கல்லாகவே நிற்கிறது. யார் கட்டினார்களோ, அவர்களுக்கு மனசுக்குள் இருந்தது மட்டும் போதவில்லை.

"கிராமத்துக்குக் கிராமம் நல்ல பிசிக்ஸ் வாத்தியாருக்கு எங்கே சார் போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிசிக்ஸை ஐ.ஐ.டி. புரொபசரே திரையில் நடத்தட்டும். திரைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் விஷயம். பத்தொன்பது மாசம் திரையைக் காட்டி முடித்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்தது. சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் பக்கத்துத் தெரு அக்காக்கள். இழந்த படிப்பை மீட்பதற்குக் கடைசியில் திண்ணையில் உட்கார ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

பெரியபாளையம் ரோட்டுப் பெண்ணுக்கும் அதுதான் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பூட்டாமல், எட்டு மணி வரை ஓர் அறை. லைட், ஃபேன், நாலு கம்ப்யூட்டர், அறுந்துபோகாத ஒரு நெட் இணைப்பு, ஓர் அக்கா. அந்த அக்காவுக்கு பிசிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. "எந்த இடத்துல புரியலை? அதை மறுபடி போடு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இல்லம் தேடிக் கல்வியில் அந்த அக்காக்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்கூட வராது. இந்தத் தடவை அந்த அக்காவுக்கு எவ்வளவு என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் வாங்கப் போகலாம்.